அடக்கப் புத்தகத்தில் என் பெயர்

திருவொற்றியூர்
13.1.2025

கர்த்தருக்குள் பிரியமான சுகிர்தம் அக்காவுக்கு,

தம்பி வில்சன் எழுதுவது. ஸ்தோத்திரம். இங்கே நானும் ஹெப்சிபாவும் சுகம். மகள் அம்முவும் கைக்குழந்தையும் சுகம், பேரனுக்கு இன்றோடு நாற்பது நாள். கோத்தகிரிக் குளிரில் உன் முட்டி எப்படி இருக்கிறது? போனில் கேட்கலாம் என்றால் உன் காது மெஷின் போனைக் கண்டதும் விசில் அடிக்கிறது. நீயும் ‘எதுவா இருந்தாலும் எழுதிப் போடு’ என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் காலத்திலும் தபால்தலை தேடி அலைகிறேன். இன்று போகி. தெருவெல்லாம் டயர் புகை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமிக்கொண்டே எழுதுகிறேன்.

விஷயம் என்னவென்றால் அக்கா, நான் செத்துப்போயிருக்கிறேன்.

பயப்படாதே, சொல்கிறேன். அக்டோபரில் ஃபவுண்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன் அல்லவா? சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று நம் ஆயர் ஒரு வேலை கொடுத்தார். ராயபுரம் தூய பர்னபா ஆலயத்தின் பழைய பதிவுப் புத்தகங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று வகை. டைம் ஆபீசில் முப்பது வருஷம் ஆட்களின் பெயரை அடித்தவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தேன்.

போன வாரம் ஞானஸ்நானப் புத்தகத்தில் என் பெயரைப் பார்த்தேன். 4.12.1966. வில்சன் சாமுவேல். தகப்பன் ஞானசீலன், ஹார்பர் வின்ச் டிரைவர். தாய் தயாவதி. பிறந்தது 19.10.1966. சந்தோஷத்தில் போட்டோ எடுத்து அம்முவுக்கு அனுப்பினேன். நேற்று அடக்கப் புத்தகத்தை எடுத்தேன். 17.12.1966. வில்சன் சாமுவேல். தகப்பன் ஞானசீலன், தாய் தயாவதி. வயது இரண்டு மாதம். காரணம் மார்புச் சளி. இடம் காசிமேடு கல்லறை. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே ஆயர், அதே சாய்ந்த கையெழுத்தில், பதின்மூன்றாம் நாள் என்னைப் புதைத்திருக்கிறார்.

டோல்கேட் டீக்கடையில் தண்டபாணியிடம் சொன்னேன். என்னோடு ஃபவுண்டரியில் இருந்தவன், உனக்குத் தெரியும். அவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “இன்னா மாமு, செத்து அம்பத்தெட்டு வருசம் ஆச்சுன்ற, இன்னும் சக்கரை கம்மியா போடுன்னு சொல்லிக்கினு கீற?” என்றான்.

அந்தக் காலத்து எழுத்தர் பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் நெஞ்சில் ஒரு நெருடல். உனக்கு அப்போது பத்து வயது. ஏதாவது ஞாபகம் இருந்தால் எழுது. பேரனுக்கு ஏப்ரல் 27 ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அம்மு என்னைத்தான் ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்கிறாள். அதற்குள் நான் உயிரோடு இருக்கிறேனா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும்.

உன் சுகத்துக்கு மறுமொழி எதிர்பார்க்கும் தம்பி,
வில்சன்


கோத்தகிரி
4.2.2025

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். கடிதம் கிடைத்தது. நான் சுகம். முட்டிக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கிறது. குழந்தைக்கு ஆறு வாரத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா? அடுத்ததற்குத் தேதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பத்து வாரத்தைத் தாண்டவிடாதே. போகிப் புகையில் ஜன்னலைச் சாத்தினாய், நல்லது. ஆனால் இருமலுக்கு நீயாக மருந்துக் கடையில் வாங்கிக் குடிக்காதே. யூகலிப்டஸ் தைலம் இரண்டு பாட்டில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். குழந்தை மேல் தடவக் கூடாது, உனக்கு மட்டும்.

பழைய புத்தகங்களில் எத்தனையோ பிழை இருக்கும். தூசியும் இருக்கும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய். அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு அடுத்ததைப் பார்.

ஹெப்சிபாவுக்கு என் அன்பு.

அக்கா,
சுகிர்தம்


திருவொற்றியூர்
10.2.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். தைலம் வந்தது. இருமல் குறைந்தது. மூன்று வாரம் கழித்து எழுதினாலும் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதியிருக்கிறாய், நான் கேட்ட கேள்வியைத் தவிர.

பிழை என்று நீ எழுதியதும் நானும் அப்படியே நம்பிப் பார்த்தேன். நம்ப முடியவில்லை. 1967 முதல் 1980 வரை ஞானஸ்நானப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினேன். ஞானசீலன், தயாவதி பெயரில் வேறு பிள்ளையே இல்லை. ஞானஸ்நானம் பெற்றவன்தான் செத்தான் என்றால் எனக்கு எங்கே ஞானஸ்நானம்? எனக்குத்தான் ஞானஸ்நானம் என்றால் செத்தது யார்?

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. பள்ளிக்கூடத்தில் என் பிறந்தநாள் அக்டோபர். ஆனால் அம்மா ஆவணியில்தான் பாயசம் வைப்பாள். கேட்டால் “ஸ்கூலுக்கு ஒண்ணு, வூட்டுக்கு ஒண்ணு” என்பாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு பிறந்தநாள் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒன்றாம் வகுப்பில் வரிசையில் நான்தான் கடைசிக் குள்ளன். டீச்சர் என்னைத் தூக்கித்தான் பெஞ்சில் உட்காரவைப்பாள். “இதுக்கா ஆறு வயசு?” என்று அவள் சிரித்தது இப்போதும் காதில் இருக்கிறது.

நேற்று திருவிருந்து ஆராதனை. விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டே வந்தேன். ‘ஒரே ஞானஸ்நானம்’ என்ற இடம் வந்ததும் என் வாய் நின்றுவிட்டது. ஒன்றே ஒன்று என்று சபையே சொல்கிறது, எனக்கு அந்த ஒன்றும் இருக்கிறதா? பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதியில் போய் முட்டிபோட்டேன். ஆயர் அப்பத்தோடு என் முன்னால் வந்தார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஆசீர்வாதம் மட்டும் சொல்லி நகர்ந்தார்.

யாரோடாவது பகை இருந்தால் திருவிருந்து எடுக்கக் கூடாது என்பது நம் சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் ஹெப்சிபாவைப் பார்த்தார்கள். வாசலில் ஒருத்தி கேட்டேவிட்டாள், “இன்னா அக்கா, வூட்டாண்ட ஏதாச்சும் சண்டையா?” பாவம், ஹெப்சிபாவுக்கு எதுவும் தெரியாது. வழியெல்லாம் என்னோடு பேசாமல் வந்தாள். இல்லாத சண்டை இப்போது நிஜமாகவே வந்துவிட்டது.

அக்கா, மூடிமறைக்காமல் எழுது. நான் யார்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வில்சன்


கோத்தகிரி
24.2.2025

அன்புள்ள வில்சனுக்கு,

சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல்.

உனக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்தது. அந்தப் பிள்ளையின் பெயர்தான் வில்சன். இரண்டு மாதத்தில் இறந்துபோனது. நீ 1968 ஆவணியில் பிறந்தாய். அம்மா அதே பெயரை உனக்கு வைத்தாள். வேறு பெயர் சொல்லி யாரையும் கூப்பிட அவளால் முடியவில்லை.

குழந்தைக்குக் கோயில் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். டிசம்பர் குளிரில் ஜில்லென்று தலையில் ஊற்றிக் கொன்றுவிட்டார்கள் என்று ஆயரிடமே சொன்னாள். அதனால் உன்னை ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் கொண்டுபோக விடவில்லை. பிறகு பார்க்கலாம் என்று அப்பா தள்ளிப்போட்டார். ஆயர்களும் மாற்றலாகிப் போனார்கள். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது டிரங்குப் பெட்டியில் ஒரு ஞானஸ்நானச் சீட்டு இருந்தது. பெயரும் சரி, தாய் தகப்பன் பெயரும் சரி. யாரும் கேட்கவில்லை. அதையே கொடுத்தார்கள்.

உனக்கு ஞானஸ்நானம் நடக்கவில்லை. போதுமா? இதில் உன் தவறு எதுவும் இல்லை. கடவுளுக்கு எல்லாம் தெரியும். இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

சுகிர்தம்


திருவொற்றியூர்
7.3.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்று எழுதிவிட்டாய். எனக்குத் தெரிய வேண்டாமா? பதினைந்து வயதில் பேராயர் என் தலையில் கை வைத்துத் திடப்படுத்தல் கொடுத்தார். அப்பா அன்று காலையில் அப்பிவிட்ட தேங்காய் எண்ணெய் அவர் கையில் ஒட்டி, அடுத்த பையனின் தலைக்கும் போனது. திடப்படுத்தல் என்றால் இருப்பதை உறுதியாக்குவது. இல்லாததை அவர் எப்படி உறுதியாக்கினார்? நாற்பது வருஷமாகத் திருவிருந்து எடுத்திருக்கிறேன். சபை நடுவில் கல்யாணம் பண்ணியிருக்கிறேன். நான்கு பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பனாக நின்று, அவர்களுக்காக வாக்குக் கொடுத்திருக்கிறேன். டிக்கெட் வாங்காமல் ஏறி உட்கார்ந்துகொண்டு, அடுத்தவனுக்கு இடம் பிடித்துக் கொடுத்த கதையாக இருக்கிறது.

ஹெப்சிபாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். “ஞானஸ்நானம் வாங்காத ஆளையா கட்டிக்கினேன்? எங்கப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா!” என்றாள். அப்புறம் அரிசி களைந்துகொண்டே, “முப்பது வருசமா ராவும் பகலும் ஜெபம் பண்ணிக்கினு இருந்தியே, அதெல்லாம் அந்தக் கொழந்தை பேர்ல போயிருக்குமா?” என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அவ்வளவுதான், எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாம்பல் புதன் ஆராதனை முடிந்ததும் ஆயரைத் தனியாகப் பார்த்தேன். அம்மு வயதுதான் அவருக்கு. பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டார். “அண்ணே, இது நீங்க நெனக்கிற மாதிரி இல்ல. அவசரத்துக்கு யார் வேணா ஞானஸ்நானம் குடுக்கலாம். நர்ஸு குடுக்கலாம், பக்கத்து வூட்டு அம்மா குடுக்கலாம். தண்ணி ஊத்தி, பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு சொல்லியிருந்தா அது செல்லும். அப்படி நடந்திருந்தா திரும்பக் கொடுக்கக் கூடாது. நடக்கலன்னா கொடுத்தாகணும். அப்போ இருந்தவங்க யாராச்சும் உசுரோட இருக்காங்களா?” என்றார்.

இருக்கிறாய். நீ ஒருத்திதான். அதனால் கேட்கிறேன். யாருமே, எப்போதுமே, என் தலையில் தண்ணீர் ஊற்றவில்லையா? உனக்கு நிச்சயமா?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எங்கள் கல்யாணத்துக்கு வந்தாய். அப்பா அடக்கத்துக்கு வந்தாய். அம்மா அடக்கத்துக்கு வந்தாய். அம்முவின் ஞானஸ்நானத்துக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை என்றாய். சித்தப்பா பேரனுக்கும் அப்படித்தான், ஹெப்சிபா தங்கை பிள்ளைகளுக்கும் அப்படித்தான். இத்தனை வருஷத்தில் ஒரு ஞானஸ்நானத்துக்கும் நீ வந்ததில்லை. இதை ஹெப்சிபாதான் கண்டுபிடித்துச் சொன்னாள். ஏன் அக்கா?

லெந்து காலம், உபவாச நாட்கள். நான் கிராதிக்குப் போவதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

வில்சன்


திருவொற்றியூர்
26.3.2025

அக்காவுக்கு,

சுகமா? என் கடிதம் கிடைத்ததா? கிடைத்திருந்தால் ஒரு வரி போடக் கூடாதா? எத்தனை நாள்தான் போஸ்ட்மேன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பது? இப்போது அவரே என்னைக் கண்டால் தூரத்திலிருந்து தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

ஞானஸ்நானத் தேதியைத் தள்ளிவைக்கட்டுமா என்று அம்மு கேட்கிறாள். என்ன காரணம் சொல்ல? நீ எழுதினால்தான் ஆயர் முடிவு சொல்வார். கடுமையாகக் கேட்டிருந்தால் மன்னித்துக்கொள். உடம்பு சரியில்லையோ என்றும் பயமாக இருக்கிறது. மேல் வீட்டுக்காரர் மூலமாவது ஒரு மெசேஜ் அனுப்பு.

வில்சன்


கோத்தகிரி
31.3.2025

தம்பி வில்சனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இதைத் திருப்பிப் படிக்காமல் தபாலில் போடப்போகிறேன்.

ராயபுரத்தில் நம் வீட்டுப் பின்கட்டில் ஐந்து குடித்தனத்துக்கு ஒரே குழாய் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அங்கேதான் நாங்கள் விளையாடுவோம். அந்த டிசம்பரில் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆனதிலிருந்து எங்களுக்குக் கோயில் விளையாட்டுதான். நான் ஆயர். அப்பாவின் வெள்ளைச் சட்டை என் அங்கி. முதலில் ஒரு பொம்மைக்குக் கொடுத்தோம். பொம்மை அழவில்லை என்று யாரோ சொன்னார்கள்.

அது ஞானஸ்நானத்துக்கு அடுத்த ஞாயிறு, சாயங்காலம். அம்மா மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போயிருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள் என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள். நான் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆயர் செய்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு கையில் தலையைத் தாங்கினேன். பெயர் சொன்னேன். மூன்று தடவை அலுமினியக் குவளையில் தண்ணீர் எடுத்து ஊற்றினேன். நெற்றியில் சிலுவை போட்டேன். அவன் அழுதான், எங்களுக்கு ஒரே சந்தோஷம். உடனே மற்றவர்களும் ஆயராக ஆசைப்பட்டார்கள். ஐந்து பேர் இருந்தோம். பக்கத்து வீட்டு ரூஹி தானும் ஒரு தடவை ஊற்ற வேண்டும் என்று அழுதாள். அவளிடமும் குவளையைக் கொடுத்தோம். எல்லாரும் ஒவ்வொரு தடவை ஊற்றினார்கள். கடல்காற்று வீசிக்கொண்டிருந்தது.

கோயிலில் ஊற்றியவுடன் ஆயர் பக்கத்திலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தலையைத் துடைத்தார். எல்லாவற்றையும் கவனித்த நான் அதை மட்டும் கவனிக்கவில்லை. எங்கள் விளையாட்டில் துண்டு இல்லை.

அம்மா வருவதற்குள் பாவாடையால் துடைத்துத் தொட்டிலில் போட்டுவிட்டேன். மறுநாள் சளி. வெள்ளிக்கிழமை போய்விட்டான். அம்மா கோயில் தண்ணீரைத் திட்டினாள், நெஞ்சில் அடித்துக்கொண்டு ஆயரைத் திட்டினாள். நான் சமையல்கட்டு மூலையில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ரூஹியும் திறக்கவில்லை. அம்மா சாகும்வரை அது கோயில் தண்ணீர்தான் என்று நம்பினாள். நான் நம்ப விட்டேன். உனக்கு ஞானஸ்நானம் இல்லாமல் போனதும் என்னால்தான்.

உன்னைக் குளிப்பாட்டச் சொன்னால் நான் ஓடிவிடுவேன். அம்மா என்னைச் சோம்பேறி என்பாள். நர்ஸிங் படிக்கப் போனதும், கிடைத்த எல்லா வார்டையும் விட்டுவிட்டுக் குழந்தைகள் வார்டிலேயே கிடந்ததும் ஏன் என்று உனக்கு இப்போது புரியும். ஞானஸ்நானத்துக்கு வராததும் அதனால்தான். ஹெப்சிபா கெட்டிக்காரி.

ஒன்றைத் திருத்த வேண்டும். உனக்கு ஞானஸ்நானம் நடக்கவில்லை என்று போன கடிதத்தில் அழுத்தி எழுதிவிட்டேன். அதுவும் எனக்கு நிச்சயமில்லை. உனக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஒருநாள் அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பல் காட்டப் போகிறேன் என்று ஹார்பர் பக்கம் போனார். திரும்பி வந்தபோது உன் தலைமுடி நனைந்திருந்தது. அவர் சட்டைத் தோளும் நனைந்திருந்தது. என்ன என்று அம்மா கேட்டாள். மழை என்றார். அது சித்திரை மாதம், வில்சா. கொடியில் போட்ட துணியெல்லாம் காய்ந்து விறைத்துக் கிடந்தது. அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கப்பல்களில் அப்போது வெளிநாட்டுப் பாதிரிமார் வந்துபோவார்கள். வியர்வையாகவும் இருக்கலாம், குழாயில் முகம் கழுவியதாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

இதை உன் ஆயரிடம் சொல். மற்றதைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

சுகிர்தம்


கோத்தகிரி
14.4.2025

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நேற்று இங்கே குருத்தோலை பவனி. முட்டி வலியால் கோயில் வாசலோடு நின்றுவிட்டேன்.

உன்னிடமிருந்து பதில் இல்லை. வராது என்று நினைத்துத்தான் எழுதினேன், ஆனாலும் போஸ்ட்மேனைப் பார்க்கிறேன். நீ மார்ச்சில் எப்படிக் காத்திருந்திருப்பாய் என்று இப்போது தெரிகிறது.

பதில் எழுத வேண்டாம். குழந்தையின் தடுப்பூசி அட்டையை மட்டும் சரிபார்த்துக்கொள்ளச் சொல்.

சுகிர்தம்


திருவொற்றியூர்
15.4.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். உன் மார்ச் மாதக் கடிதம் ஏப்ரல் 5ஆம் தேதியே வந்துவிட்டது. பத்து நாள் எழுதாமல் இருந்தது வேண்டுமென்றுதான்.

பொய் சொல்ல மாட்டேன், கோபம் வந்தது. மூன்று நாள் நல்ல கோபம். அம்மா மடியில் படுத்திருக்கும்போது அவள் சும்மா சும்மா என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள், ஞாபகமா? அது கொஞ்சல் என்று நினைத்து வளர்ந்தவன் நான். அது கொஞ்சல் இல்லை, பயம். அந்தப் பயத்தை நீ ஒரு வார்த்தையில் போக்கியிருக்கலாம். அதுதான் கோபம்.

நான்காம் நாள் பேரனைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்கள். அவனுக்கு நான்கு மாதம். அப்போது ஒரு குழப்பம் வந்தது. காசிமேட்டில் கிடக்கிறவன் எனக்கு அண்ணன். ஆனால் என் பேரனைவிடச் சின்னவன். அவனை எப்படி நினைப்பது என்றே தெரியவில்லை. நீ அந்தக் குழாயடியில் நின்றபோது உனக்கு வயது பத்து. அந்த வயதில் அம்மு தனியாகப் பல் தேய்க்க மாட்டாள். அப்புறம் யார்மீது கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தண்டபாணியைக் கூட்டிக்கொண்டு காசிமேடு கல்லறைக்குப் போனேன். இடம் தெரியவில்லை. 1966 வரிசையெல்லாம் மண்மேடாகிவிட்டது. “மாமு, பேரும் உன் பேரு, தேடறதும் நீ. எவனாச்சும் கேட்டா இன்னான்னு சொல்றது? சொம்மா வா” என்று வழியெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டே வந்தான். கடைசியில் அவனே வாங்கி வந்திருந்த ஊதுபத்தியை மண்ணில் குத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டான். நம் சபையில் அது வழக்கமில்லை. நான் தடுக்கவில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குச் சரியான வயது ஐம்பத்தாறுதான் என்று சொன்னபோது, “அப்ப இன்னும் ரெண்டு வருசம் வேலை பாக்கி கீது, நாளைக்கே கெளம்பு” என்றான்.

நீ நாற்பது வருஷம் குழந்தைகள் வார்டில் இருந்தவள். எனக்குத் தெரியாததை உன்னிடம் கேட்கிறேன். அந்தக் காலத்தில், மார்கழியில், இரண்டு மாதக் குழந்தைகள் தண்ணீர் படாமலும் மார்புச் சளியில் போகவில்லையா? அந்த ஒரு மாதத்து அடக்கப் பக்கத்தில் மட்டும் ஆறு குழந்தைகள் இருக்கின்றன அக்கா. நான்தான் அடித்தேன், ஆறு பெயரையும். பத்து வயதுப் பெண் ஒருத்தி உன் வார்டுக்கு வந்து, நான்தான் தம்பியைக் கொன்றேன் என்று அழுதால், நீ அவளிடம் என்ன சொல்லி அனுப்புவாய்? அதை உனக்கே ஒரு தடவை சொல்லிக்கொள்.

ஆயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடியையும் சொன்னேன், மன்னித்துக்கொள், மறைத்து மறைத்துத்தான் இவ்வளவும் ஆனது. அவர் தலை குனிந்தே கேட்டார். சித்திரை மழையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் சிரித்தார். “அண்ணே, இதுக்குன்னே நம்மகிட்ட ஒரு முறை கீது. ‘நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்’ன்னு முதல்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்புறம் தண்ணி ஊத்துவோம். உங்கப்பா செஞ்சிருந்தா அவர் செஞ்சது நிக்கும். செய்யலன்னா இது நிக்கும். எதுன்னு நமக்குத் தெரிய வேணாம்” என்றார்.

மூன்று மாதமாக இல்லாத நிம்மதி எனக்கு அந்த ‘ஆல்’ என்பதில் கிடைத்தது. எதுவும் தெளியவில்லை. அப்பா அன்று என்ன செய்தார் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் தெரியாதவனுக்கும் அங்கே ஒரு இடம் வைத்திருக்கிறார்கள் பார்.

27ஆம் தேதி முதலில் எனக்கு, பிறகு பேரனுக்கு. அதே தொட்டி. எனக்குச் சாட்சியாக ஒருவர் நிற்க வேண்டுமாம். ஆராதனைக்கு முன்னால் தொட்டியில் தண்ணீர் ஊற்றவும் ஒருவர் வேண்டும். இரண்டுக்கும் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்புதான். வர முடியாது என்றால் எழுதாதே, வராமலே இருந்துகொள். நான் கடைசி நிமிஷம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன்னுடைய தம்பி,
வில்சன்


கோத்தகிரி
21.4.2025

அன்புள்ள வில்சனுக்கு,

உயிர்த்தெழுந்த திருநாள் வாழ்த்துகள். ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், எனக்கு முன்னால் வந்துவிடும்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். எத்தனையோ தாய்மார்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொல்லிக்கொள்ள நேற்று கோயிலில் முயன்று பார்த்தேன். பாதிதான் வந்தது. மீதியை அங்கே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறுகிறேன். சனிக்கிழமை காலை சென்ட்ரலுக்கு ஆளை அனுப்பு, தண்டபாணி வந்தாலும் சரி. அவன் சத்தமாகப் பேசுவான், எனக்குக் காது கேட்கும்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர் கூடாது. வீட்டில் காய்ச்சி, இரண்டு பெரிய பிளாஸ்கில் எடுத்து வாருங்கள். நான்தான் விளாவுவேன். நான் முழங்கையை விட்டுச் சூடு பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஆயர் கை வைக்க வேண்டும், அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் சரி. ஃபேனை நிறுத்தச் சொல். கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொல். குழந்தைக்கு ஒரு தடவை ஊற்றினால் போதும், மூன்று தடவை என்றால் மூன்று சொட்டு. உனக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றட்டும்.

மற்றதெல்லாம் ஹெப்சிபா பார்த்துக்கொள்ளட்டும். துண்டு நான் கொண்டுவருகிறேன்.

அக்கா,
சுகிர்தம்